முழங்காலுக்கு மேலே

என் மகனுக்கு வலது முழங்காலில் வலி என்று நான் நம்பியிருந்த நாட்களில், தினமும் சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்ததும் அவனைச் சோபாவில் காலை நீட்டி உட்காரச் சொல்லி, உள்ளங்கை சூடாகும்வரை தைலம் தேய்த்துவிடுவேன். கைபேசியைப் பார்த்துக்கொண்டே காலைக் கொடுப்பான். "இங்கயா?" என்றால் "ம்." "இன்னும் கொஞ்சம் உள்பக்கமா?" என்றால் அதற்கும் "ம்." சில சமயம் லேசாக முகத்தைச் சுளிப்பான். அந்தச் சுளிப்பு எனக்காகச் செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த முழங்காலில் ஒன்றுமே இல்லை.

அவன் கல்லூரி கால்பந்து அணியின் கோல்கீப்பர். கடைசி வருடம். நாங்கள் இருப்பது சிட்லபாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் மாடியில். அவன் அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். வருடத்துக்கு ஒரு முறை வருவார். நான் கிண்டியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு ரயிலில் போய்வருகிறேன். ஆக வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சின்ன வயதில் குளியலறைக்குள்ளிருந்துகூட எனக்கு ஏதாவது கதை சொல்லிக்கொண்டே இருப்பான். பிளஸ் டூ முடிப்பதற்குள் அந்தப் பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது. "சாப்ட்டியா?", "சாவி எங்க?", "லேட்டாகும்." இவற்றை வைத்தே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம் என்று ஆகியிருந்தது.

அதனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசாத பிள்ளையை வேறு எப்படித் தெரிந்துகொள்வது? ஒருநாள் அவன் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்தேன்.

"கால் வலிக்குதாடா?"

"லைட்டா."

"முட்டியா?"

கொஞ்சம் யோசித்தான். "ம்."

அவ்வளவுதான் நடந்தது. முட்டி என்ற வார்த்தையைச் சொன்னது நான். எங்கள் வீட்டில் கால் என்றால் பாதம், கணுக்கால், முழங்கால். அதற்கு மேலே வலித்தால் இடுப்பு. நடுவில் ஒரு பெரிய பகுதி இருக்கிறது. அதன் பெயரை நாங்கள் சொல்வதில்லை. யாரும் சொல்லக்கூடாது என்று தடுத்ததில்லை, ஆனால் யாரும் சொன்னதுமில்லை. நான் கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை. நான் நீட்டிய இரண்டு மூன்று வார்த்தைகளில் எது கிட்டத்தில் இருந்ததோ அதை எடுத்துக்கொண்டான்.

எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் அவனைப் பார்த்து, "எங்க வலி?" என்றார். "முட்டி டாக்டர், வலது பக்கம். படி ஏறும்போதுதான் ஜாஸ்தி," என்றேன் நான். "எப்ப இருந்து?" அதற்கும் நான்தான் சொன்னேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "தம்பிக்குத் தொண்டையும் சரியில்லையா?" என்று சிரித்தார். மகன் அசடு வழிந்தான். நானும் சிரித்தேன். பிறகு அடுத்த கேள்விக்கும் நானே பதில் சொன்னேன். எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருந்தது. முட்டிக்குப் போட ஒரு எலாஸ்டிக் உறையும் வலிக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபக் குறிப்பு சொல்லும்போது அவன் முழங்காலைச் சொன்னேன். போதகர் அவன் பெயரைச் சொல்லி, முழங்காலைச் சொல்லி, நீளமாக ஜெபித்தார். பெண்கள் ஐக்கியத்தில் இருந்த அம்மாக்கள் ஆராதனை முடிந்ததும் அவனைச் சூழ்ந்துகொண்டு, "இப்ப முட்டி பரவாயில்லையா தம்பி?" என்று விசாரித்தார்கள். ஒருவர் குனிந்து தொட்டே பார்த்தார். "பரவாயில்லைங்க ஆன்ட்டி," என்று எல்லோருக்கும் சொன்னான். எலாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போனான். பந்தை உதைத்தான், விழுந்தான், எழுந்தான். தொடையின் உள்ளே ஏற்கெனவே இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்த ஒரு தசையை வைத்துக்கொண்டுதான் அவ்வளவும்.

ஒருநாள் மதியத்துக்கு மேல் நான் அலுவலகத்தில் இருந்தபோது அழைப்பு வந்தது. அவன் எண்தான், பேசியது வேறு குரல். அணியின் கேப்டன்.

"ஆன்ட்டி, பயப்படாதீங்க."

இன்றைக்கும் யாராவது அந்த வார்த்தையைச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தால் இருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவேன். எதிர்முனையில் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவராக இருந்தாலும் சரி.

"என்னப்பா ஆச்சு அவனுக்கு?"

"நல்லாத்தான் கீறான் ஆன்ட்டி. கால்தான். ஒரு பால சேவ் பண்ண சைடுல காலை நீட்டினான், டப்புன்னு சவுண்டு கேட்டுச்சு. எய்ந்து நிக்க முடில. கீழ்க்கட்டளைல நமக்குத் தெரிஞ்ச ஃபிசியோ அண்ணன்கிட்ட இட்டாந்துட்டோம். நீங்க டென்ஷன் ஆவாம வாங்க."

டப்பென்று சத்தம். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். கிண்டியிலிருந்து பல்லாவரம் வரை ரயிலில் உட்கார இடம் இருந்தும் கதவோரமாகவே நின்றுகொண்டு வந்தேன். ஜெபம் பண்ணலாம் என்றால் வார்த்தை வரவில்லை. மஸ்கட்டுக்குச் சொல்லலாமா என்று யோசித்து, அங்கே அவர் வேலையில் இருக்கும் நேரம் என்று கைபேசியைப் பைக்குள் போட்டேன். பெட்டி முழுக்க ஆட்கள். ஒருவரிடம்கூட, என் பையனுக்கு அடிபட்டுவிட்டது என்று சொல்லத் தோன்றவில்லை. யாரிடமாவது சொல்லியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த இடம். படியில் அவன் அணிப் பையன்கள் சேறு படிந்த உடையோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அவன் மல்லாந்து படுத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. ஃபிசியோதெரபிஸ்ட் முப்பது வயதுக்காரர், குட்டையான தாடி, நெற்றியில் தொழுகைத் தழும்பு. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "அதே முட்டிதான் சார். ஒரு மாசமாவே வலி. எக்ஸ்ரே எடுத்திருக்கோம், போன்ல இருக்கு, இருங்க காட்டுறேன்…"

அவர் கைபேசியைப் பார்க்கவே இல்லை. என் மகனின் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். முழங்காலுக்கு ஒரு முழம் மேலே, தொடை இடுப்போடு சேரும் இடத்தின் உள்பக்கத்தில், மேலே போர்த்தியிருந்த துண்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தான். நான் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்து முட்டியில் வைத்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, கொஞ்சம் வெளிய உக்காருங்களேன்," என்றார் அவர் மெதுவாக.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் முதலில் அவர் குரல் மட்டும் கேட்டது. பிறகு என் மகனின் குரல். நிறுத்தாமல், வாக்கியம் வாக்கியமாக, என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனான். வார்த்தைகள் பிடிபடவில்லை. நடுவில் அவர் ஏதோ கேட்க, வலிக்கு நடுவிலும் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இவனால் இவ்வளவு பேச முடியும். நான் அறையில் இல்லாவிட்டால் போதும்.

அவர் வெளியே வந்து, "ஆன்ட்டி, முட்டி ரொம்ப நல்லா இருக்கு. அதைத் தொந்தரவு பண்ண வேணாம்," என்றார். பிறகு மேஜையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு மாதிரியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். இரண்டு தொடையெலும்புகளும் அதோடு இருந்தன. இடுப்பெலும்பின் முன்புற அடியிலிருந்து தொடையெலும்பின் உள்பக்கத்துக்கு ரப்பர் பட்டைகள் மாட்டியிருந்தார்.

"இதுங்கதான் உள்தொடைத் தசைகள். இங்கிலீஷ்ல அடக்டர். மேல சின்னதா ஒண்ணு. அதுக்குக் கீழ குட்டையா ஒண்ணு. முன்னாடி நீளமா ஒண்ணு. பின்னாடி விசிறி மாதிரி விரிஞ்சு, எல்லாத்தையும் விடப் பெருசு ஒண்ணு. ஓரமா நாடா மாதிரி மெல்லிசா ஒண்ணு. இவருக்குக் கிழிஞ்சிருக்கறது இந்த முன்னாடி நீளமா இருக்கறது. எலும்புல ஒட்டுற இடத்துக்குக் கிட்ட. ஸ்கேன் எடுத்தா எவ்ளோன்னு தெரியும்."

"எதுக்கு சார் இந்தத் தசை?"

"ரெண்டு காலையும் நடுவுக்கு இழுக்கும். புக்ல அப்படித்தான் போட்டிருக்கும். ஆனா அதோட முக்கியமான வேலை வேற." எழுந்து ஒற்றைக்காலில் நின்று காட்டினார். "நடக்கும்போது ஒவ்வொரு அடியிலயும் கொஞ்ச நேரம் ஒத்தக்கால்லதான் நிக்கிறோம். அப்ப இடுப்பு ஒரு பக்கம் சரியாம வெளிப்பக்கத் தசையும் உள்பக்கத் தசையும் சேர்ந்து பிடிச்சுக்கும். கோல்கீப்பர் காலை அகட்டிப் பாயறான்ல, அந்தக் கால் ரொம்ப விலகிப் போகாம பிரேக் போடுறதும் இதான். தேஞ்சுபோன பிரேக்க வச்சுக்கினு வண்டி ஓட்டியிருக்கார் உங்க புள்ள."

"அப்ப ஒரு மாசமா நான் முட்டியத் தேய்ச்சதெல்லாம்?"

அவர் ஓரத்தில் இருந்த மெல்லிய பட்டையை விரலால் தடவி, "இது ஒண்ணு மட்டும் முட்டியத் தாண்டிப் போய், கீழ் எலும்புல உள்பக்கமா ஒட்டுது. இதோட வாலத் தேய்ச்சிருக்கீங்க. முழுக்க வேஸ்ட் இல்ல ஆன்ட்டி," என்றார். ஆறுதலுக்குச் சொன்னார் என்று தெரியும். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவில் வரும்போது அஸ்தினாபுரம் தாண்டியதும் கேட்டேன். "முதல்லயே சொல்லியிருக்கலாம்லடா?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "சொல்லலாம்னுதாம்மா இருந்தேன். அதுக்குள்ள சர்ச்ல எல்லாரும் என் முட்டிக்காக ஜெபம் பண்ணிட்டாங்க. அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? முட்டி இல்லீங்க, கொஞ்சம் மேலன்னா?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

ஸ்கேனில் பாதிக்குக் கிட்டக் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை தேவையில்லை, ஒழுங்காகப் பயிற்சி செய்தால் போதும் என்றார்கள். ஆனால் ஃபிசியோ தம்பி என்னைத் தனியாக நிறுத்தி ஒன்று சொன்னார். "இது ஆறும். ஆனா ஆறுறதுக்கு முன்னாடி வலிய மறைச்சுக்கினு ஒரு தடவ பாய்ஞ்சான்னா, எலும்பிலேருந்தே பிச்சுக்கும். அதுக்கப்புறம் கோல்கீப்பிங்க மறந்துட வேண்டியதுதான். என்கிட்ட வாரத்துக்கு ஒரு தடவதான் வரப்போறான். மத்த நாள்ல உங்ககிட்ட உண்மையச் சொல்றானா, அதான் இப்ப மேட்டர்."

என்னிடம். இதை அவர் வேறு யாரிடமாவது ஒப்படைத்திருக்கலாம்.

பயிற்சிகள் பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. முதலில், மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, நடுவில் ஒரு தலையணையை வைத்து அமுக்க வேண்டும். கால் அசையாது, தசை மட்டும் இறுகும். கொஞ்சம் தேறியதும் பக்கவாட்டில் படுத்து, கீழே இருக்கும் காலை மட்டும் தூக்குவது. பிறகு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டி, காலை உள்பக்கமாக இழுப்பது. கடைசியாகத்தான் கஷ்டமானது. மேல்காலை நாற்காலியில் வைத்து, முழங்கையை ஊன்றி, உடம்பு முழுவதையும் அந்த ஒரு உள்தொடையின் பலத்தில் பக்கவாட்டில் தூக்கி நிறுத்துவது. முதலில் முழங்காலுக்கு அடியில் நாற்காலி இருக்கும். பலம் கூடக் கூடக் கணுக்கால் வரை நகர்த்த வேண்டும். நாற்காலிக்குப் பதில் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது என்று சொல்லியிருந்தார்.

"நான் பிடிக்கட்டுமா?"

"சேர் போதும்மா."

கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வான். நாற்காலி தரையில் இழுபடும் சத்தமும் அவன் மூச்சு வாங்குவதும் சமையலறைக்குக் கேட்கும். தைலம் தேய்ப்பது நின்றுபோயிருந்தது. அலுவலகம் விட்டு வந்ததும் அந்த நேரத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துவைத்த துணியையே மறுபடி மடித்து வைத்துக்கொண்டிருப்பேன். முட்டியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததற்காக வருத்தப்படும் ஒரே அம்மா நானாகத்தான் இருப்பேன்.

காலையில் மட்டும் எனக்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அவன் கட்டிலில் மல்லாந்து முழங்கால்களை மடக்கிக்கொள்வான். நடுவில் நான் கையை முஷ்டியாக்கி வைக்க வேண்டும். அவன் இரண்டு பக்கத்திலிருந்தும் பலத்தோடு அமுக்க வேண்டும். அமுக்கும்போது உள்தொடையில் எவ்வளவு வலிக்கிறது என்று பத்துக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். இரண்டு வரை பயிற்சி செய்யலாம். அதற்கு மேல் போனால் அன்றைக்கு ஓய்வு. இதில் எனக்கு இரண்டு கட்டளைகள். அவன் முகத்தைப் பார்க்கக்கூடாது. எண்ணை நான் சொல்லக்கூடாது.

"மூஞ்சியப் பாத்தீங்கன்னா உங்களுக்குப் பிடிச்ச நம்பரைத்தான் சொல்லுவான் ஆன்ட்டி," என்று ஃபிசியோ தம்பி சிரித்தார். "நீங்க அங்க வெறும் முஷ்டி. அவ்ளோதான்."

ஆகவே நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அமுக்குவான். அவன் முழங்கால்களின் எலும்பு என் விரல் மூட்டுகளில் வந்து முட்டும். முதல் நாட்களில் ஏதோ பறவை வந்து உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. "ஏழு," என்பான். போகப்போக அழுத்தம் கூடியது. "நாலு." "மூணு." ஒருநாள் கல்யாண மோதிரம் விரலில் அழுந்திச் சிவந்துவிட்டது, அதற்குப் பிறகு மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். அப்படிக் கழற்றியதைப் போட மறந்த ஒரு நாளில் வீடியோவில் வந்த அவன் அப்பா, "மோதிரம் எங்க?" என்றார்.

"அவன் அமுக்கும்போது குத்துதுன்னு எடுத்தேன்."

"அமுக்குறானா? எத?"

அவர் இருப்பது நான்கைந்து பேர் தங்கும் அறை. பின்னால் யாரோ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். அடிபட்ட அன்றைக்கே அவரிடம் "கால்ல சின்ன அடி, பழைய முட்டி வலிதான்" என்று சொல்லி முடித்திருந்தேன். இப்போது எங்கிருந்து ஆரம்பிப்பது? "அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, எக்சர்சைஸ்," என்றேன். "சரி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். சாப்பிட்டதாகச் சொன்னார்.

பல்கலைக்கழக அணிக்கான தேர்வு வந்தது. கடைசி வருடம் என்பதால் அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் எண் ஒன்றைத் தாண்டவில்லை, பல நாள் சுழியம்தான். மைதானத்தில் ஓட ஆரம்பித்திருந்தான். மெதுவாகப் பக்கவாட்டில் பாயவும் அனுமதி கிடைத்திருந்தது. அன்றைக்கு நான் அலுவலகத்துக்கு விடுப்பு போட்டிருந்தேன். மைதானத்துக்குள் வரமாட்டேன், வெளியே வேலியோரமாக நின்றுகொள்கிறேன் என்று பேசி அனுமதி வாங்கியிருந்தேன்.

காலையில் முஷ்டியை வைத்தேன். அமுக்கினான். அதுவரை அவன் கொடுத்த அழுத்தங்களிலேயே அதுதான் பலமானது. கையை இழுத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். என்னைக் கேட்டிருந்தால் சுழியம் என்றிருப்பேன்.

"ஒண்ணு," என்றான்.

சமையலறைக்குப் போய் அவனுக்குச் சப்பாத்தி சுற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் நிழல் தட்டியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தான்.

"அம்மா, அஞ்சு."

எனக்கு உடனே புரியவில்லை. "என்னடா?"

"அஞ்சு. நேத்து ஈவ்னிங் ஒரு டைவ் அடிச்சேன், அப்பலேருந்து பிடிக்குது. அஞ்சு."

இத்தனை மாதமாக நான் வேண்டிக்கொண்டது இதற்குத்தான். அவன் வாயால், என்னிடம், எனக்குப் பிடிக்காத எண்ணைச் சொல்ல வேண்டும் என்று. சொல்லிவிட்டான். என் வாயிலிருந்து வந்ததோ இதுதான்: "ஒரு மாத்திரை போட்டுட்டுப் போயிட்டு வந்துடேன்டா. இன்னிக்கு ஒரு நாள்தான?"

அவன் என்னைப் பார்த்தான். அவ்வளவு நேராகப் பார்த்து எத்தனையோ நாளாகியிருக்கும். "நீயாம்மா இதச் சொல்ற?" என்றான். கோபமில்லை. உதட்டோரம் ஒரு சிரிப்புகூட இருந்தது. பையை இறக்கி வைத்துவிட்டு, கூடத்துக்குப் போய்ப் பயிற்சியாளருக்கு அவனே போன் பண்ணினான். "முடியாது சார். அடக்டர் மறுபடி பிடிச்சிருக்கு. இல்ல சார், ரிஸ்க் வேணாம்." பெரிய மனிதன் மாதிரி பேசினான். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். போய் அவன் தோளைத் தொடலாமா என்று நினைத்தேன். போன் பேசி முடித்ததும் அறைக்குள் போய்விட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து, சாதாரணச் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். "கிரவுண்டுக்குப் போய்ட்டு வரேன். பசங்க ஆடுறத பாக்கணும்."

"நானும் வரட்டா?"

"வேணாம்மா. நான் மட்டும் போறேன்."

மாடியிலிருந்து பார்த்தேன். சானட்டோரியம் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனான். இடுப்பு ஒரு பக்கமும் சரியவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் நல்ல ஆரோக்கியமான ஒரு வாலிபன், அவசரமில்லாமல் போகிறான், அவ்வளவுதான். அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. அவன் சொல்லாமலிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது. எவ்வளவு பார்த்துக்கொண்டு நின்றாலும் தெரிந்திருக்காது.

நாள் முழுவதும் மிச்சமிருந்தது. அவனுக்குச் சுற்றிய சப்பாத்தியை நானே சாப்பிட்டேன். மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. இன்றைக்குத் தேர்வு என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

"என்ன, கிளம்பிட்டானா?"

"ஆட போகல. அஞ்சு சொல்லிட்டான்."

"அஞ்சா? என்ன அஞ்சு?" என்றார். "முட்டி இன்னுமா சரியாகல?"

"முட்டி இல்லைங்க."

"பின்ன?"

"தொடை. உள்தொடை."

அவர் குரலைத் தாழ்த்தி, "பக்கத்துல ஆளுங்க இருக்காங்க," என்றார்.

"இருக்கட்டும், கேளுங்க," என்றேன். இடுப்பெலும்பின் அடியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.